வாயைக் கட்டணும்

"ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?" டாக்டரம்மா கேட்டது என் பொண்ணு கனிஷ்காவை. பதில் சொன்னது நான்.

ஒண்ணாம் கிளாஸ் படிக்கிறா. சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஆடிக்கினு இருப்பா. ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் வயித்தைப் புடிச்சுக்குவா. கொஞ்ச நேரத்துல பாயெல்லாம் வாந்தி. நடுவுல ஒரு வாரம் நிக்கும், மறுபடியும் ஆரம்பிச்சுடும். உடம்பு இளைச்சுப் போய், யூனிஃபார்ம் பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. பெத்தவனுக்கு எப்படி இருக்கும்?

மாத்திரை, சிரப், பூச்சி மருந்து எல்லாம் ஆச்சு. டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, உடம்புல ஒண்ணுமே இல்லைன்னாங்க டாக்டரம்மா.

ஒண்ணுமில்லாமலா வாந்தி வரும்? ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனியில ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்கிறவன் நான். குறை கண்டுபுடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

"தண்ணிதான் மேடம்"னேன். "வூட்டு ஓனருக்கு டேங்க்கைக் கழுவுற வழக்கமே கெடையாது. நானே ஏறித் தொறந்து பார்த்தேன். உள்ள புறா. செத்து, ஊறி, தூக்குனா றெக்கை மட்டும் கையோட வருது."

டேங்க்கை நானே தேய்ச்சுக் கழுவிட்டேன். கேன் தண்ணிக்கு மாறினோம். அந்தக் கேனுக்குள்ள விரலை விட்டுப் பார்த்தா, சளி மாதிரி வழவழன்னு பாசி. கருமம். அதையும் நிறுத்திட்டு இப்போ காய்ச்சின தண்ணிதான்.

அப்புறம் பானிபூரிக்காரன். அக்குளைச் சொறியிறான், அதே கையை முழங்கை வரைக்கும் பானைக்குள்ள வுட்டுக் கலக்குறான். இந்தக் கண்ணால பார்த்தேன். அன்னையிலிருந்து அந்தப் பக்கமே போறதில்ல.

அப்புறம் எங்க கேன்டீன் சாம்பார். ஒரு நாள் அதுல கரப்பான். முழுசாக்கூட இல்ல, பாதி. மீதிப் பாதி எவன் வாயில போச்சோ.

"பாப்பா உங்க கேன்டீன்ல சாப்பிடறாளா?"ன்னாங்க டாக்டரம்மா.

"இல்ல மேடம். உலகம் எப்படி நாறிக் கெடக்குதுன்னு சொல்ல வந்தேன்."

அவங்க பேனாவை மூடி வெச்சாங்க. "இதெல்லாம் வீட்ல எப்ப சொல்வீங்க?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள என் பொண்டாட்டி சசிகலா முந்திக்கினா. "சோத்துல கை வெச்சாத்தான் மேடம் இவருக்கு இதெல்லாம் ஞாபகமே வரும். இவரு நைட் ஷிஃப்ட் போற வாரத்துல நானும் பாப்பாவும் மட்டும்தான் சாப்பிடுவோம். அந்த வாரத்துல வாந்தி கெடையாது."

அடிப்பாவி. இத்தனை நாளா மனசுலயே வெச்சுக்கினு இருந்திருக்கா.

கனிஷ்கா நாற்காலி கைப்பிடியைச் சுரண்டிக்கினே சொன்னா. "அப்பா சொல்றதெல்லாம் என் சோத்துல கீது."

மேஜை மேல இருந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடியும் பார்த்தேன்.

"மருந்து வேணாம்"னாங்க டாக்டரம்மா. "கொஞ்ச நாளைக்கு வாயைக் கட்டினாப் போதும்."

"கட்டிடலாம் மேடம். சிப்ஸ், சாக்லேட்டு, கடைத் தீனி எதையும் கண்ணுல காட்ட மாட்டேன்."

"பாப்பாவுக்கு இல்ல. உங்களுக்கு."

வண்டியில ஏறினதும் ஒரே எரிச்சல். பொண்ணு நல்லா இருக்கணும்னுதானே ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்? மண்ணூர் வர்றதுக்குள்ள எரிச்சல் அடங்கிடுச்சு. வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. அந்தப் புறாவை டேங்க்குல இருந்து எடுத்தவன் நான். எடுத்துக்கினு போய் எம்பொண்ணு தட்டுல போட்டவனும் நான்தான். சீ, இதெல்லாம் ஒரு வாயா.

ராத்திரி சசிகலா மூணு தட்டு வெச்சா. சோறு, ரசம், முட்டைப் பொரியல். நான் ஒண்ணும் பேசாம பிசைஞ்சேன். பேசாம சாப்பிடறது இவ்ளோ கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டாவது வாயில மாட்டிக்கிச்சு. முடி.

நீள முடி. ஒரு முனை தொண்டைக்குள்ள எறங்கிடுச்சு, இன்னொரு முனை கடவாப்பல்லுல சுத்திக்கிச்சு. நாக்கால தள்ளினா தொண்டைக்குள்ள இழுக்குது. அடிவயித்துல இருந்து குமட்டிக்கினு வருது, கண்ணுல தண்ணி முட்டுது. கை தானா வாய்க்குப் போச்சு. "இன்னாடி சமைச்சு வெச்சிருக்க"ன்னு கத்தறதுக்கு எல்லாம் ரெடி.

எதிர்ல கனிஷ்கா. இன்னும் சோத்துல கை வைக்கலை. தட்டைக்கூடப் பார்க்கலை. என் வாயையே பார்த்துக்கினு இருந்தா.

வாய்க்குப் போன கையால மீசையைத் துடைச்சுக்கினேன். முழுங்கினேன். போகலை. தண்ணியைக் குடிச்சிட்டு மறுபடியும் முழுங்கினேன். அது எறங்கற வழி முழுக்கத் தெரிஞ்சுது.

"இன்னாங்க, கண்ணு கலங்குது? ரசம் காரமா?"ன்னா சசிகலா.

"இல்ல, நல்லா கீது."

கனிஷ்கா கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தா. அப்புறம் குனிஞ்சு ஒரு வாய் வெச்சா. இன்னொரு வாய் வெச்சா.

"ம்மா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

"எனக்கும்"னு தட்டை நீட்டினேன்.