கோபம் வராத மிஷின்

எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் மிஷினுக்குக் கோபம் வரவில்லை. கணக்கு வாத்தியாருக்குத்தான் வந்தது.

மதிய இடைவேளை. வகுப்பில் யாருமில்லை. மேசைமேல் அவருடைய சாப்பாட்டுப் பை திறக்காமல் கிடந்தது. டேப்லெட்டை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் குத்தினார்.

அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு.

மறுபடியும் அதே தப்பு. வேண்டுமென்றே. திரையில் பதில் வந்தது.

"பரவாயில்ல. ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெருசா, சின்னதா?"

'சின்னது' என்று அடித்தார்.

"அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். எப்படிக் குறைஞ்சுது? கடைசியா எந்த இடம் வரைக்கும் சரியா வந்துச்சு? அங்கேருந்து ஒவ்வொண்ணா பார்ப்போம்."

அவருடைய வகுப்பில் இரண்டாம் தடவை தப்பு வந்தால் மேசை அதிரும். மூன்றாம் தடவைக்கு யாரும் துணிந்ததில்லை.

டேப்லெட்டுகளைக் கொண்டுவந்தவள் ஆராய்ச்சிக்காரப் பெண். மிஷினிடம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்கிறாளாம். பின்வரிசையில் நாலைந்து பேருக்கு மட்டும் கொடுத்தாள். வாயே திறக்காத பெண் அதனிடம் கேள்வியாய்க் கேட்டுத் தள்ளினாள். அடுத்த தேர்வில் பின்வரிசை மொத்தமும் தேறிவிட்டது.

"இது உங்களை மாதிரி இல்ல சார்," என்றான் பின்வரிசையில் 'வாலு' என்று பேர் வாங்கிய பையன். "நூறு தடவை கேட்டாலும் திட்டாது."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.

அந்தச் சிரிப்பு தலைமை ஆசிரியர் அறையில் காணாமல் போனது. "ரிப்போர்ட் நல்லா வந்தா, எல்லாப் பிள்ளைங்களுக்கும் மிஷின் வாங்கிடலாம்னு நிர்வாகம் நினைக்குது. அடுத்த வருஷம் கணக்குக்கு ஒரு ஆள் போதுமாம்."

இருந்தது இரண்டு பேர். இன்னொருவர் நிர்வாகியின் மச்சான்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் சேர்த்துவைத்து, இன்று காலை மூக்குக்கண்ணாடியின் மேல் காட்டினார்.

"என் கண்ணாடி எங்க?"

"கடைசியா எங்க வெச்சீங்க?" மனைவி தலை பின்னிக்கொண்டே கேட்டாள். அவளும் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். இந்த மாதம்தான் எங்கோ டைப் அடிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். என்ன டைப் அடிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

"அது தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்?"

"கத்தாதீங்க. நிதானமா யோசிங்க. நேத்து வந்ததும்…"

அவள் முடிப்பதற்குள் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த வாலுவின் பெயரில் உள்ளே நுழைந்திருந்தார். மிஷின் ஒரே ஒரு தடவை எரிந்து விழுந்தால் போதும். அதை ரிப்போர்ட்டில் போடச் சொல்லிவிடலாம்.

'உனக்கு அறிவு இருக்கா?' என்று அடித்தார்.

"கொஞ்சம் இருக்கு. இந்தக் கணக்குக்குப் போதும். போடுவோமா?"

அவருக்குள் ஏதோ அறுந்தது. 'எனக்குப் பின்னம் தெரியும். இருபது வருஷமா சொல்லிக் கொடுக்கறவன் நான். உன்னால என் வேலை போகப் போகுது. சந்தோஷமா?' பாதி எழுத்து இடம் மாறி விழுந்தது. அப்படியே அனுப்பினார்.

முதல் முறையாக மிஷின் பதில் சொல்லவில்லை.

"வாலு இன்னிக்கு லீவாச்சே. அவன் பேர்ல யாரு?" வாசலில் ஆராய்ச்சிக்காரப் பெண் நின்றிருந்தாள்.

"நான்தான் மேடம். இப்ப என்ன? உங்க மிஷின் வந்து உட்காரட்டும், நான் எந்திரிச்சுப் போறேன்!"

ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், பிள்ளைங்ககிட்ட இப்ப சொல்லிடாதீங்க. மிஷினே கிடையாது."

"என்னது?"

"இன்னும் செய்யல. அது எப்படிப் பேசினா பிள்ளைங்க பயப்படாம கேக்கும்னு முதல்ல தெரியணும். அதுக்காக எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா உட்கார்ந்து பதில் டைப் பண்றாங்க. அவ்வளவுதான்."

"அப்போ என் வேலை?"

"மிஷின் இருந்தாத்தானே சார் வேலை போகும்? கணக்குக்கு ஆள் கண்டிப்பா வேணும்னுதான் ரிப்போர்ட்ல எழுதப் போறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பொறுமையான ஆள்."

கடைசி வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. ஒரு மாதத்து மூச்சை இப்போதுதான் விட்டார்.

"யாரு மேடம் அந்த அம்மா?"

"பேர் சொல்லக் கூடாது சார். நிறைய பேரை உட்கார வெச்சுப் பார்த்தோம். கொஞ்ச நேரத்துல கத்த ஆரம்பிச்சிடறாங்க. இவங்க மட்டும் எப்படிச் சீண்டினாலும் அசையல. எங்க பழகினாங்களோ."

"பாவம்," என்றார் வாத்தியார், மனதார. "வீட்டுல யார்கிட்ட மாட்டிக்கிட்டு என்ன பாடு படறாங்களோ."

டேப்லெட் மெல்லச் சிணுங்கியது. தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார்.

"என்னங்க, முதல்ல சாப்பாட்டுப் பையைத் திறங்க. கண்ணாடி அதுக்குள்ளதான் இருக்கு."