கீழே நின்றவர்

"எங்கப்பாவா? வீரரா? வேற ஆளைப் பாருங்க சித்தப்பா."

தீயணைப்பு நிலையக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டருக்கு நினைவுக் கூட்டம். மகள்தான் முதலில் பேச வேண்டும். அவளோ மைக்கைத் தொட மாட்டேன் என்கிறாள்.

"கூட வேலை பார்த்தவங்க ஒருத்தர் குறையாம வந்திருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசு பாப்பா" என்றார் நிலைய அதிகாரி. அவள் அப்பாவிடம் வேலை கற்றவர்; அவள் சித்தப்பா என்று கூப்பிடுவது இவரைத்தான்.

"என்ன பேசறது? முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நெருப்புக்குள்ள போனதில்லைன்னா?"

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"எங்க வீடு பத்திக்கிட்டப்போ எனக்கு ஒன்பது வயசு. மூணாவது மாடி ஜன்னல்ல நின்னு 'அப்பா, அப்பா'ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். அவர் வண்டிகிட்ட நின்னு எதையோ திருகிட்டிருக்கார். நிமிர்ந்துகூடப் பாக்கல. ஏறி வந்து தூக்கினது நீங்க. உங்களைப் பத்தி வேணும்னா ஒரு மணி நேரம் பேசறேன்."

பாராட்டு யாருக்குக் கசக்கும்? அதிகாரிக்குக் கசந்தது.

"நான் வேலைக்குச் சேர்ந்து மூணே மாசம் அப்போ. 'அண்ணே, உங்க பொண்ணு. நீங்க போங்க, பம்பை நான் பாத்துக்கறேன்'னேன். என்ன சொன்னார் தெரியுமா?"

"பயமா இருக்குன்னாரா?"

"ஆமா. 'பயமாத்தான்டா இருக்கு. இந்தக் கிழட்டு பம்ப் என் கைக்குத்தான் அடங்கும். நான் ஏறினா பாதியில தண்ணி நின்னுடும். அப்புறம் பொண்ணும் வராது, நானும் வரமாட்டேன். நீ ஏறு, தண்ணிக்கு நான் இருக்கேன்'னார்."

"ஒரே ஒரு தடவை நிமிர்ந்து..."

"மீட்டர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுத்தா, மேல தண்ணி குறைஞ்சிடும். உன் குரலைக் கேட்டுக்கிட்டேதான் நின்னார். நீ கீழ வந்தப்புறம் அவர் கையை வால்விலேருந்து பிரிச்சு எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"'வேலையைச் செஞ்சதுக்கு சாட்சி எதுக்குடா'ன்னு என் வாயை அடைச்சுட்டார். இப்போ அடைக்க ஆளில்லை, சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் மைக்கைப் பிடித்தாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"எங்கப்பா முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நெருப்புக்குள்ள போனதில்லை."

நாற்காலி வரிசைகளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அவர் விட்ட தண்ணியை நம்பி உள்ளே போனவங்க எல்லாரும், இதோ, என் எதிர்ல உட்கார்ந்திருக்காங்க."