மூன்றாவது சுற்று

நோ-கோ ரிங் இரண்டாவது சுற்றிலேயே நின்றிருக்க வேண்டும். மூன்றாவது சுற்றும் போனது. நாலாவதற்கும் கூச்சமில்லாமல் போனது.

ஜெனிட்டா ரிங்கைக் கழற்றினாள். பேரலின் முனையை இன்னொரு தடவை துடைத்து, இன்னொரு தடவை ஏற்றினாள். மறுபடியும் அதே கதைதான்.

போட்டிகளில் சுடுகிறவர்களின் ரைஃபிளுக்கான பேரல் அது. முனையில் வெட்டிய மரையைச் சோதிக்க இரண்டு ரிங். கோ ரிங் முழுக்க ஏற வேண்டும். நோ-கோ ரிங் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவே கூடாது. ஏறினால் மரை தளர்வு. அதில் மாட்டுகிற உறுப்பு கோணலாக உட்காரும், வெளியே வருகிற குண்டு அதில் இடிக்கும். அப்புறம் நடப்பதற்கு எவனும் பொறுப்பில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சீனு நின்றிருந்தார். படாளத்துக்காரர், பதினோரு வருஷமாக லேத்தில் நிற்கிறவர். இந்த மரையை வெட்டுவது அவர் ஒருவர்தான். மாட்டுகிறவன் கை நோகக் கூடாது என்று அளவின் கீழ் ஓரத்தை ஒட்டியே வெட்டுவார். கீழே மட்டும் போக மாட்டார்.

இந்த மாதத்தில் தளர்வு என்று நின்ற அவருடைய பேரல்களில் இது மூன்றாவது. மூன்று சிவப்புச் சீட்டு விழுந்தால் ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கம்பெனியில் கேன்டீன் சாம்பார் மாறினாலும் மாறும், இந்த விதி மாறாது.

சீனு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“என் ரிங்குல கரெக்டா நிக்குதும்மா. உன் ரிங்குல மட்டும் இன்னாத்துக்கு உள்ள போவுது?”

லேத்து ரிங்கும் இன்ஸ்பெக்‌ஷன் ரிங்கும் சண்டை போட்டால் இன்ஸ்பெக்‌ஷன் ரிங் சொல்வதுதான் செல்லும். அதை ஜெனிட்டா சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று அவளிடம் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஊரப்பாக்கத்தில் ரயிலைத் தவறவிட்டு அரக்கப்பரக்க வந்து சேர்ந்த ஒரு காலையில், இந்த நோ-கோ ரிங் அவள் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது நடுவே பிளவு விட்டு, சின்ன ஸ்க்ரூவால் அளவுக்கு இறுக்கிய ரிங். அதிர்ச்சியில் மயிரிழை விரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கீழ் ஓரத்தை ஒட்டி வெட்டிய நல்ல மரையிலும் ஏறிவிடும்.

விழுந்த ரிங்கை அன்றைக்கே எழுதிக்கொடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அவள் ஊதித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். வேலை நிரந்தரமாக அப்போது இருபத்தேழு நாள் பாக்கி.

அதுவரை சீனுவின் பேரல் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அதற்கப்புறம்தான் ஒன்று, இரண்டு, இப்போது இது. மூன்று வாரமாக ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறாள்.

சொல்லிவிடலாம். இதோ, ஒரே வரி.

வாயைத் திறந்தாள். வாசலில் மேனேஜர் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சரக்கு ஏற்ற வண்டி காத்திருக்கிறது.

இன்னும் ஆறே நாள்.

அவள் சிவப்புச் சீட்டை எடுத்துப் பேரலில் கட்டினாள். ‘மரை தளர்வு’ என்று எழுதினாள். ரெஜிஸ்டரைச் சீனு பக்கம் நகர்த்தினாள். அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மேனேஜர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

சீனு சண்டை போடவில்லை. பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, இனிஷியலோடு முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி அவளிடம் நீட்டினார்.

“அன்னிக்கி அது கீழ வுழுந்தப்போ நான் இந்தக் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். நீயா சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேம்மா.”

குரலில் கோபம்கூட இல்லை.

பதிலுக்கு நிற்காமல் வெளியே போனார். லேத்தில் அடுத்த பேரலை மாட்டினார். ஷிப்டு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.