துண்டுக்குள் பேசிய விலை

வடசேரியில் பொன்னுலிங்கத்தின் கார் ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் தாணம்மாள் நின்று தரையில் ஒரு தடவை துப்புவாள். பிறகுதான் நடப்பாள்.

"எங்க தோப்பத் தின்ன பாவி" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு வார்த்தையும் சொல்வாள். பொன்னுலிங்கம் ஏதாவது ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருப்பான். நிமிர மாட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கன்னியாகுமரி ஜில்லா பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது, ஆவணியில், அவள் மகள் பகவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி கோலப்பன் கார் ஒன்று கேட்டார். பொன்னுலிங்கத்தின் ஷெட்டில் நின்ற பழைய ஆஸ்டின்தான் மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது.

தாணம்மாளின் புருஷன் நாராயணபெருமாளிடம் இருந்ததோ மூவாயிரம் ரூபாய். அதற்கு மேலே போனால் முட்டத்துப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்க வேண்டும். அது தாணம்மாளுக்கு அவள் அம்மை கொடுத்தது; பத்திரம் மட்டும் புருஷன் பேரில் இருந்தது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தேங்காயை நம்பித்தான்.

ஆகவே பேரம் பேச அவளே கிளம்பிப் போனாள். புருஷனும் சம்பந்தியும் கூடப் போனார்கள்.

பொன்னுலிங்கம் ஆறாயிரத்தில் ஆரம்பித்தான். பெயின்ட் உரிந்திருக்கிறது, சீட்டு கிழிந்திருக்கிறது என்று தாணம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவள் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். கால் மணி நேரத்தில் விலை நாலரை ஆயிரத்துக்கு இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அந்தச் சமயத்தில் சம்பந்தி, நாராயணபெருமாளைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். பொன்னுலிங்கம் டயரைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்க் குனிந்து நின்றான். திரும்பி வந்தவன் முகமே மாறிவிட்டது.

"ஆறாயிரம். ஒரு சக்கரம் காசு குறையாது. வேண்டாம்னா விட்டுட்டுப் போங்க."

இறங்கின விலையை மறுபடி ஏற்றுகிறவனை எங்கே கண்டது? தாணம்மாள் அழுதாள், ஏசினாள். சம்பந்திகூடக் குறைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். நமக்காக வாதாடுகிறாரே என்று அவளுக்கு அவர்மேல் மனம் குளிர்ந்துபோயிற்று. பொன்னுலிங்கம் மசியவில்லை.

கார் வியாபாரத்துக்கு வரும் முன் அவன் மாட்டுத் தரகன். கையைத் துண்டால் மூடி, விரல் பிடித்து விலை முடித்தால்தான் தனக்கு வியாபாரம் முடிந்த மாதிரி என்றான். ஒரு விரலுக்கு ஆயிரம். நாராயணபெருமாளின் கைமேல் துண்டைப் போட்டான்.

துண்டு இரண்டு தடவை அசைந்தது. நாராயணபெருமாளின் கண்கள் நிறைந்துவிட்டன. அதைப் பார்த்ததும் சம்பந்தி பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டார். ஆறாயிரம்தான் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது.

தோப்பு என்ன ஆயிற்று என்று தாணம்மாள் வீட்டில் கேட்டபோது, அந்தப் பேச்சை எடுக்காதே என்றார் அவர். யானை வாயில் போன கரும்புதான் என்று அவள் புரிந்துகொண்டாள்.

கல்யாணத்துக்குப் பொன்னுலிங்கம் வந்திருந்தான். பந்தியில் உட்கார்ந்து, பருப்பும் நெய்யும் ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தாணம்மாள் நேரே அவன் இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தின்ன தோப்பு செமிச்சாச்சா? இனிச் சோறும் வேணுமா?"

பந்தியே கை நிறுத்திப் பார்த்தது. பொன்னுலிங்கம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனான். நாராயணபெருமாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்திக்கு மட்டும் பரம திருப்தி.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையத் தேங்காய்.

"எந்தத் தோப்புக் காயி இது?" என்றாள் தாணம்மாள்.

"முட்டத்துத் தோப்புதான். வேற எந்தத் தோப்பு?" என்றான் வண்டிக்காரன்.

அவள் உள்ளே வந்து புருஷன் முன்னால் நின்றாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அன்னைக்குக் காருக்குப் பின்னால சம்பந்தி என்ன சொன்னாரு தெரியுமா தாணம்மா? 'ஊருல ஆறாயிரம் ரூவாக் காருன்னு சொல்லியாச்சு, எவ்வளவு கொறையுதோ அவ்வளவும் ரொக்கமா எங் கையில தந்திரணும்'னாரு. பொன்னுலிங்கம் கேட்டுட்டான். துண்டுக்குள்ள எனக்க மூணு விரலப் பிடிச்சான். இன்னும் மூணு பிடிப்பான்னு நெனச்சேன். பிடிக்கல்ல. கைய விட்டுட்டான். மூவாயிரம் அவன் வாங்கின வெல. அப்புறம் ஏம்னு கேட்டதுக்கு, எனக்கும் பொட்டப் பிள்ளைய இருக்குன்னான்."

தாணம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொல்லாண்டாம்னு அவந்தான் சொன்னான். அவ ஏசினாத்தான் சம்பந்தி நம்புவாருன்னான்."

இப்போதே போய் அவன் காலில் விழுகிறேன் என்று எழுந்தாள். அவர் தடுத்தார். விஷயம் சம்பந்தி காதுக்குப் போனால் பகவதி அந்த வீட்டில் வாழ முடியாது என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தியே ஆஸ்டினைக் கொண்டு வந்து அவர்களைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனார். பொன்னுலிங்கத்தின் ஷெட் வந்ததும் வண்டி ஓட்டின மாப்பிள்ளையிடம் மெதுவாக்கச் சொன்னார்.

"ஒங்க பாவி நிக்கான் பாருங்க" என்று சிரித்தார்.

பொன்னுலிங்கம் வழக்கம்போல் நிமிராமல் துடைத்துக்கொண்டிருந்தான். தாணம்மாள் தலையை வெளியே நீட்டினாள். துப்ப வேண்டும். சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவள் வாய் வறண்டு கிடந்தது.