பேட்டரியக்காவின் பங்கு

ஒரு லேப்டாப்புக்குள்ளே மூன்று பேர் குடியிருந்தார்களாம். ஓயாமல் கணக்குப் போடுகிற பிராசசர், எப்போதும் பசியென்று கிடக்கிற பேட்டரியக்கா, அடாப்டரிலிருந்து வயரில் வருகிற கரண்டை இருவருக்கும் பங்கு வைக்கிற சார்ஜர் சிப்புத் தம்பி.

அன்றைக்கு வீட்டுக்காரப் பெண் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பிராசசருக்கு மூச்சுவிட நேரமில்லை. சிப்புத் தம்பி பேட்டரியின் பங்கைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டான்.

"அவனுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் கொடு. நான் என்ன, தெருவில கிடந்து வந்தவளா?" என்றாள் பேட்டரி.

"வேலை அவனுக்குத்தானேக்கா? இதுக்கு மேல இழுத்தா அடாப்டர் தாங்காது. இப்பவே கொஞ்சம் பத்தல. உன் கையில இருக்கறதுல துளி கொடேன்," என்றான் சிப்பு.

"என் கையிலேர்ந்தா? அந்தப் பயலுக்கா? மாட்டேன், போ!"

"படம் முடியப் போகுதுக்கா," என்று பிராசசர் கெஞ்சினான். பேட்டரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடாப்டர் துவண்டது. திரை அணைந்தது. "ஐயோ, சேவ் பண்ணலையே!" என்று அந்தப் பெண் தலையில் கை வைத்தாள்.

பிராசசரின் வேலை நின்றதும் அடாப்டர் தேறிக்கொண்டது. வந்த கரண்டெல்லாம் பேட்டரிக்கே போயிற்று. வயிறு முட்ட நிறைந்த பிறகு அவள் மெல்ல எட்டிப் பார்த்தாள். பிராசசர் அசையாமல் குளிர்ந்து கிடந்தான்.

"பாரேன் தம்பி," என்று பொருமினாள். "அவனுக்கு மட்டும் என்ன சுகமான தூக்கம்!"