கம்லா கையால் ஒரு கேப்சூல்

"மறைக்காதீங்க. தினம் சாயங்காலம் நிசாம் பாய் கடையில உக்காந்து என்ன குடிக்கிறீங்க?"

"சோடா" என்றார் சுரேந்திரா.

கம்லா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பொழுது சாய்ந்தால் நங்கோனாக் கிண்ணமும் கையுமாக இருந்த மனுஷன். கரும்பு வெட்டிய அலுப்புக்கு என்று ஆரம்பித்தவர், வெட்டாத நாளிலும் அந்தப் போதை வேர்த் தண்ணீரை விட்டதில்லை. இப்போது சோடாவாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

"சோடா குடிக்க இவ்ளோ நேரமா?"

"பேச்சு இருக்குல்ல. யாரு கிளம்பிட்டான், யாரு வீட்டை அடைச்சான்னு பேசினா நேரம் போறதே தெரியல."

அதென்னவோ உண்மைதான். தலைநகர் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரைக் கவிழ்க்க ஒரு கும்பல் பார்லிமெண்டைத் துப்பாக்கியோடு மடக்கிய நாளிலிருந்து தவுவா ஊரில் வேறு பேச்சே கிடையாது. இவர்கள் கரும்பு நிலத்தின் குத்தகையும் முடியப்போகிறது. பிரிஸ்பேனில் இருக்கும் அண்ணன் வெங்கடசாமி, தம்பியும் தம்பி மனைவியும் அங்கே வந்துசேர எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். விசாவுக்கான மெடிக்கல் டெஸ்டில்தான் இடித்தது. சுரேந்திராவின் கல்லீரல் கெட்டிருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் தவறினால் இரண்டு பேருக்கும் விசா கிடையாது.

அண்ணன் சும்மா இருப்பாரா? மில்க் திஸில் என்று ஒரு முட்செடி, அதன் விதைப்பொடி ஈரலுக்கு அவ்வளவு நல்லதாம். கேப்சூலாக டப்பா டப்பாவாக அனுப்பி வைத்தார். "அவனை நம்பாதம்மா, உன் கையாலயே குடு" என்று போனில் வேறு சொன்னார். அன்றிலிருந்து கம்லாதான் காலையில் கேப்சூலையும் தண்ணீரையும் நீட்டுவாள்.

"கண்ணைக் காட்டுங்க."

சுரேந்திரா விளக்குக்கு நேராக வந்து நின்றார். போன மாதம் வரை அப்பியிருந்த மஞ்சளைக் காணோம்.

"வெளுத்திருக்கே" என்றாள் கம்லா.

"மருந்து வேலை செய்யுது. அண்ணன் சொன்னா சும்மாவா?"

கம்லாவுக்குத் திக்கென்றது. இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார். முகத்தில் இவ்வளவு தெளிச்சி எங்கிருந்து வந்தது?

"அக்கா, பசி" என்று சிவன் தட்டைத் தட்டினான். கம்லாவின் தம்பி. நாற்பது வயது ஆகிறது, பிள்ளை மனசு மட்டும் மாறவே இல்லை. அம்மா போனதிலிருந்து அவனுக்கு எல்லாமே கம்லாதான். அவள் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

"அவனே சாப்பிடப் பழகட்டும் கம்லா. ஹோம்ல யாரு ஊட்டி விடுவாங்க?" என்றார் சுரேந்திரா.

சிவனுக்கு அந்த விசாவில் இடமில்லை. லௌடோகாவில் ஒரு விடுதியில் விட்டுப்போவதாகப் பேச்சு. கம்லா அடுத்த கவளத்தை உருட்டினாள்.

மறுநாள் எண்ணெய் வாங்குகிற சாக்கில் கடைக்கே போய்விட்டாள்.

"பாய், நிஜத்தைச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் இங்க எவ்ளோ நங்கோனா குடிக்கிறார்?"

"ஒரு சொட்டு இல்ல அக்கா. நாங்க நீட்டினா கிண்ணத்தைக் கவுத்து வச்சிடறார். வெறும் சோடாதான்."

"அப்ப வேற ஏதாச்சும் மருந்து வாங்கிச் சாப்பிடறாரா?"

நிசாம் சிரித்தார். "மருந்து நீங்கதானே குடுக்கறீங்க? 'எம் பொஞ்சாதி தினம் கையில வச்சுக் குடுத்து, முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறா. எனக்காக அவ இவ்ளோ பாடுபடறப்ப, நான் இங்க வந்து குடிச்சா நான் மனுஷனா'ன்னு கேக்கறார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு அக்கா."

கம்லா எண்ணெய் வாங்க மறந்து வீட்டுக்கு நடந்தாள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பத்தாம் நாள், பா டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய சுரேந்திராவின் கையில் லட்டுப் பொட்டலம் இருந்தது.

"பாஸ். டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டார். என்ன பண்ணினேன்னு கேட்டார், எம் பொஞ்சாதியைக் கேளுங்கன்னு சொல்லிட்டேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் கிளம்பிடலாம். எல்லாம் இந்தக் கையால வந்தது கம்லா."

கம்லாவுக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"காலையில அவசரத்துல கேப்சூல் போடல, பாரு. எடுத்துட்டு வா."

சமையலறைக்குள் போனாள். சிவன் பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்தான். "அக்கா, நீ போகமாட்டேல்ல? சத்தியம் பண்ணினேல்ல?"

கம்லா அவன் தலையைத் தடவிவிட்டு, அரிசி டின்னை நகர்த்தினாள். பின்னால் ஒளித்துவைத்த பாட்டிலில், கேப்சூல்களைத் திறந்து அவள் கொட்டிய விதைப்பொடி மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. கணவரின் ஈரல் தேறிவிடக் கூடாதே என்று அவள் ரொட்டி மாவு அடைத்துவைத்த கேப்சூல்களில் கடைசி ஒன்றை எடுத்துக்கொண்டு, தண்ணீரோடு அவரிடம் போனாள்.