கடைசி வரிக்கு ஒரு புயல்

அல்பிரட்டுக்குக் கண் எரிந்தது. துறைமுக வீதியில் இருந்து அவர் நடத்துகிற மாத இதழுக்கு இந்த முறையும் கதைகள் வந்து குவிந்திருந்தன. எல்லாம் ஒரே வார்ப்பு. முதலில் சிக்கல், நடுவில் முடிச்சு, கடைசி வரியில் திருப்பம். பயிற்சி வகுப்பு வைத்து அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்பதால் யாரையும் நோவதற்கில்லை.

இன்பமலரின் கதை மட்டும் அதற்குள் அடங்கவில்லை. ஒருவன் கடலுக்குப் போகிறான். விடியக் கரைக்கு வருகிறான். குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறான். குழம்பில் உப்பில்லை என்று மனைவியோடு சண்டை பிடித்துவிட்டுப் படுத்துவிடுகிறான். அவ்வளவுதான்.

அல்பிரட் முடிவைத் திருத்தினார். புயல் வந்தது, படகு திரும்பவில்லை. அச்சுக்குக் கொடுக்க முன் அவளுக்கும் அனுப்பிவைத்தார்.

மறுநாள் அவள் பாலையூற்றிலுள்ள தன் வீட்டிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"என்ர கதையைப் போட வேண்டாம் சேர்."

அல்பிரட் அலுப்போடு கதிரையைக் காட்டினார்.

"இருங்கோ பிள்ளை. தங்கட எழுத்தில கை வச்சால் எல்லாருக்கும் கோபம் வாறதுதான்."

"கோபம் இல்லை."

"நீங்கள் எழுதினதில என்ன நடக்குது, சொல்லுங்கோ பாப்பம்."

"அவர் வீட்டை வாறார்."

"ஊரில எல்லா ஆம்பிளையளும்தான் வீட்டை வாறாங்கள். அது கதையே? அவன் வராமல் விட்டால்தான் கதை. நான் எழுதினதை வாசிக்கேக்க நெஞ்சு கனக்கேல்லையே?"

"ஓம், கனத்தது."

"பிறகென்ன? உங்கட கதை அப்பிடியே கிடக்குது. கடைசியைத்தானே மாத்தினனான்."

அல்பிரட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். இன்னும் எத்தனை பேருக்கு இதையே சொல்லிக்கொண்டிருப்பது என்றிருந்தது அவருக்கு.

"சேர், நீங்கள் எழுதின முடிவு என்ர வீட்டில நடந்தது. அண்டைக்கு அவர் வந்திருந்தால் எப்பிடி இருந்திருக்கும் எண்டு பாக்கத்தான் நான் எழுதினனான்."

அந்த மாத இதழில் அவன் வீட்டுக்கு வந்தான்.